வழு யாருடையது? மென்பொருள் சோதனையின் சொற்களும் பொறுப்பும்

சற்று நீண்ட பதிவு. கணினியியல் துறையினரோடு, சட்டமும் சமூக அறிவியலும் பயில்வோரும் படித்துக் கருத்துரைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மென்பொருள் பொறியியல் தாளில் ஏறத்தாழ ஆண்டுதோறும் இடம்பெறும் இரண்டு மதிப்பெண் வினாக்கள் சில உண்டு. 'எரர்', 'டிஃபெக்ட்', 'ஃபெயிலியர்' ஆகியவற்றை வேறுபடுத்துக. 'வெரிஃபிகேஷன்', 'வேலிடேஷன்' ஆகியவற்றின் வேறுபாடு யாது? மாணவர்கள் விடையை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். வளாக நேர்காணலில் ஒருமுறை ஒப்பிக்கிறார்கள். பணியில் சேர்ந்த சில வாரங்களில் எல்லாவற்றையும் 'பக்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார்கள். கற்பிப்போரும் இப்பகுதியை மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் இடமாகவே கருதிக் கடந்து செல்கிறோம்.

இச்சொற்களை நாம் தவறான இடத்தில் வைத்துக் கற்பிக்கிறோம் என்பது என் கருத்து. மென்பொருள் சோதனையின் கலைச்சொற்கள் ஒரு குறை எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது, யார் தலையில் விழுந்தது என்பதைப் பதிவு செய்யும் பொறுப்புக் கணக்கு. அக்கணக்கு மங்கும்போது பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. தன்னைக் காத்துக்கொள்ள வழியற்ற கடைசி மனிதரிடம் போய்ச் சேர்கிறது. இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டாலும், நடந்து முடிந்த ஒரு பெரும் அநீதியாலும் விளக்க முயல்கிறேன்.

முதலில் எடுத்துக்காட்டு. அறுபது வயது நிறைந்தோருக்குக் கூடுதல் வட்டி தரும் திட்டம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுவதாகக் கொள்வோம். நிரலாளர் 'அறுபது நிறைந்தோர்' என்பதை 'அறுபதைக் கடந்தோர்' என்று புரிந்துகொள்கிறார். இது மனிதர் செய்த தவறு. 'எரர்' என்பது இதுவே. அந்தத் தவற்றின் விளைவாக, நிரலில் 'அறுபது அல்லது அதற்கு மேல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அறுபதுக்கு மேல்' என்ற குறியீடு அமர்ந்துவிடுகிறது. இது 'டிஃபெக்ட்'. தமிழ்க் கணிமை வட்டத்தில் இதனை 'வழு' என்கிறோம். ஐம்பத்தைந்து வயதினரும் எழுபது வயதினரும் வரும்வரை எதுவும் தெரியாது. சரியாக அறுபது வயதில் ஒருவர் வரும் நாளில் அவருக்கு வட்டி குறைகிறது. அந்த நிகழ்வே 'ஃபெயிலியர்'. இதற்குப் 'பிறழ்வு' என்ற சொல்லை இப்பதிவில் பயன்படுத்துகிறேன். எதிர்பார்த்த நடத்தையிலிருந்து பிறழ்தல் என்ற பொருளில்.

தவறு மனிதரிடம் நிகழ்கிறது; வழு நிரலில் தங்குகிறது; பிறழ்வு பயன்பாட்டில் வெளிப்படுகிறது. சோதனையாளர்களுக்கான பன்னாட்டுச் சான்றிதழ்களை வழங்கும் ஐ.எஸ்.டி.க்யூ.பி. அமைப்பின் பாடத்திட்டமும் இந்தச் சங்கிலியையே கற்பிக்கிறது. தவறு எல்லாமே வழுவாக மாறுவதில்லை. வழு எல்லாமே பிறழ்வாக வெளிப்படுவதில்லை. பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் வழுக்களும் உண்டு.

பாடநூல்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. இதற்கு அடுத்த படிதான் முதன்மையானது. சங்கிலி உருவாகும் திசை ஒன்று, கண்டறியப்படும் திசை வேறு. பயனாளியின் கண்ணுக்குப் படுவது பிறழ்வு மட்டுமே. வழு நிரலுக்குள் இருக்கிறது. நிரல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தவறோ என்றோ நடந்த ஒரு கூட்டத்தில், எவரோ சரியாகப் படிக்காத ஓர் ஆவணத்தில் இருக்கிறது. ஆகவே குறையால் பாதிக்கப்படுபவரிடம் அதை மெய்ப்பிக்கும் கருவி இல்லை; மெய்ப்பிக்கும் கருவி உடையவருக்குப் பாதிப்பு இல்லை. மூன்று சொற்களையும் ஒரே 'பிழை'யாகக் குழைத்துவிட்டால் இந்த ஏற்றத்தாழ்வு பார்வையிலிருந்து மறைந்துவிடும். "பிழை ஏற்பட்டுள்ளது" என்ற வாக்கியத்தில் எழுவாய் எங்கே என்று எவரும் கேட்பதில்லை.

இனி நடந்த நிகழ்வு. பிரிட்டனின் அஞ்சல் நிறுவனம் 1999-இல் தொடங்கித் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்னும் கணக்கியல் மென்பொருளை நிறுவியது. அதை உருவாக்கியது ஐ.சி.எல். நிறுவனம், அது புஜித்சுவுக்குச் சொந்தமானது. கிளைகளை நடத்தியோர் துணை அஞ்சல் அலுவலர்கள். அவர்கள் ஊதியம் பெறும் ஊழியர்கள் அல்லர். ஒப்பந்தத்தின் பேரில், பெரும்பாலும் தங்கள் சேமிப்பை முதலிட்டுச் சிறு கடையோடு அஞ்சலகத்தையும் நடத்தியவர்கள். ஹொரைசன் திரையில் பணம் குறைந்தால், குறைந்த தொகையைத் தாமே ஈடுகட்ட வேண்டும் என்று நிறுவனம் கோரியது. ஈடுகட்ட முடியாதோர் மீதும், முடிந்தோர் பலர் மீதும் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு எனக் குற்றம் சுமத்தப்பட்டது. ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளில் 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். அவ்வழக்குகளில் பெரும்பகுதியை அஞ்சல் நிறுவனமே தொடுத்தது. தண்டனை பெற்றோரில் தெற்காசிய வம்சாவளியினரும் பலர். இந்தியாவில் பிறந்த சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் சிறைக்கு அனுப்பப்பட்டபோது அவர் கருவுற்றிருந்தார்.

இவ்விவகாரத்தை நீதித்துறைப் பிழையாகவும் நிறுவன ஆணவமாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்க விரும்புவது அதன் சொற்களை.

முதற்சொல் 'ரோபஸ்ட்', அதாவது உறுதியானது. ஹொரைசன் உறுதியான அமைப்பு என்பதை அஞ்சல் நிறுவனம் நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் ஊடகங்களிலும் திரும்பத் திரும்பச் சொன்னது. பொறியியலில் இச்சொல்லுக்கு அளவிடக்கூடிய பொருள் உண்டு. செல்லாத உள்ளீடு வந்தாலும், கடுமையான சூழல் நேர்ந்தாலும் ஓர் அமைப்பு எந்த அளவுக்குச் சரியாகச் செயல்படுகிறது என்பதே 'ரோபஸ்ட்னெஸ்' என்று ஐ.இ.இ.இ. அமைப்பு தன் 1990-ஆம் ஆண்டுக் கலைச்சொல் தரத்தில் வரையறுத்தது. அதாவது, 'உறுதியானதா?' என்று கேட்டால் 'எந்த நிலைமைகளில்?' என்ற எதிர்வினா உடனே எழ வேண்டும். நிறுவனத்தின் வாயில் அச்சொல் அளவையாக இல்லாமல் அடைமொழியாக இருந்தது. அடைமொழியை எவராலும் சோதிக்க இயலாது; நம்பலாம், அல்லது நம்பாமல் இருக்கலாம்.

2015-இல் வெளிப்பட்ட ஒரு வழுவை இத்துடன் பொருத்திப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் டல்மெல்லிங்டன் கிளைப் பெயரால் அது அறியப்படுகிறது. முதன்மைக் கிளையிலிருந்து துணைக்கிளை ஒன்றுக்கு 8,000 பவுண்டு மாற்றப்பட்டது. திரை நகரவில்லை, எனவே உள்ளீட்டு விசை மீண்டும் அழுத்தப்பட்டது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அதே தொகை மீண்டும் பதிவாகி, 32,000 பவுண்டு வந்ததாகக் கணக்கு காட்டியது. கையில் இல்லாத 24,000 பவுண்டு 'பற்றாக்குறை' ஆயிற்று. விசையை நான்கு முறை அழுத்தியது பயனாளிதான். இதைப் 'பயனாளியின் பிழை' என்று பெயரிட எவ்வளவு எளிது! ஆனால் அசையாத திரையின் முன் மனிதர் விசையை மீண்டும் அழுத்துவார் என்பது எந்தச் சோதனையாளருக்கும் தெரிந்த முதற்பாடம். ஒரே பரிமாற்றம் இருமுறை பதிவாகாமல் தடுப்பது மென்பொருளின் கடமை. இங்கே தவறு வடிவமைத்தவருடையது, வழு நிரலுடையது, பிறழ்வு மட்டுமே கிளை நடத்தியவரிடம் நிகழ்ந்தது. சங்கிலியின் மூன்று கண்ணிகளுக்கும் மூன்று பெயர் இருந்தால்தான் இதைச் சொல்லவே முடிகிறது.

இரண்டாவது சொல் 'அனாமலி', அதாவது முரண். 2013-இல், மென்பொருள் குறித்த ஒரு சுயேச்சை ஆய்வறிக்கை வெளிவரவிருந்த நேரம். 'பக்' என்பதற்கு உணர்ச்சியைத் தூண்டாத மாற்றுச்சொல் என்ன என்று நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பாலா வெனல்ஸ் தம் கணவரிடம் கேட்டிருந்தார். 'எக்ஸெப்ஷன்' அல்லது 'அனாமலி' என்பது கிடைத்த விடை. பல ஆண்டுகள் கழித்துப் பொது விசாரணையில் இந்த மின்னஞ்சல் பலரும் அறிய வெளிவந்தது. இதில் கவனிக்க வேண்டியது, நிர்வாகி ஒரு பொய்யைத் தேடவில்லை என்பது. அவர் தேடியது ஒரு சொல்லை. 'வழு' என்றால் 'யார் செய்தது, எப்போது தெரிந்தது, யாரைப் பாதித்தது?' என்ற வினாக்கள் தொடரும். 'முரண்' என்றால் அது வானிலை போன்றது, நேர்ந்தது, கடந்தது.

நீதிமன்றத்திலும் போராட்டம் சொல்லைச் சுற்றியே நடந்தது. 555 பேர் இணைந்து தொடுத்த வழக்கில் முடிவுசெய்ய வேண்டிய முதல் எழுவினாவே 'வழுக்கள், பிழைகள், குறைபாடுகள்' கணக்கில் பற்றாக்குறையை உண்டாக்கியிருக்கக்கூடுமா என்பதாக அமைந்தது. மூன்று சொற்களையும் அடுக்கிச் சொன்னதற்குக் காரணம், ஒன்றை மறுத்து இன்னொன்றின் பின்னால் ஒளிய இடம் தரக்கூடாது என்பதே என்று நான் புரிந்துகொள்கிறேன். 'ரோபஸ்ட்' என்ற கூற்றும் தனி எழுவினாவாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. 2019 டிசம்பர் 16 அன்று நீதிபதி பீட்டர் ஃப்ரேசர் அளித்த தீர்ப்பு, பழைய ஹொரைசன் சிறிதளவும் உறுதியானதன்று எனக் கண்டது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. 2024-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி எஞ்சியோரில் பெரும்பாலோரின் தண்டனையை ஒட்டுமொத்தமாக நீக்கியது. மென்பொருள் ஒன்றின் குறையைச் சரிசெய்ய நாடாளுமன்றம் கூட வேண்டியிருந்தது.

மூன்றாவது சொல் எனக்கு மிகவும் முக்கியமானதாகப் படுகிறது. 'அறியப்பட்ட பிழைகளின் பதிவேடு' ஒன்று புஜித்சுவிடம் இருந்தது. பராமரிப்புக் குழுவினர் தாம் கண்ட வழுக்களையும் அவற்றைச் சமாளிக்கும் வழிகளையும் அதில் எழுதிவந்தார்கள். எல்லா நல்ல மென்பொருள் குழுக்களிடமும் இத்தகைய பதிவேடு உண்டு. அது இருப்பது குற்றமன்று, இல்லாதிருப்பதே குற்றம். ஆனால் யாருக்கு 'அறியப்பட்ட' பிழை? கிளை நடத்தியோருக்கு அது காட்டப்படவில்லை. உதவி கேட்டு அழைத்த பலருக்கு, இப்படியொரு சிக்கல் வேறு எவருக்கும் இல்லை என்ற விடையே கிடைத்ததாக அவர்கள் சாட்சியம் அளித்தார்கள். வழக்குத் தொடுத்தோர் போராடிய பின்னரே அப்பதிவேடு அவர்கள் பார்வைக்கு வந்தது.

இந்த இடத்தில் நம் இலக்கண மரபு ஒரு கூர்மையான கருவியைத் தருகிறது. தமிழ்க் கணிமை 'பக்' என்பதற்கு 'வழு' என்ற சொல்லைத் தேர்ந்தபோது, அச்சொல்லின் உறவினர்களையும் சேர்த்தே அழைத்துவந்தது. வழு, வழாநிலை, வழுவமைதி ஆகிய மூன்றும் நன்னூல் படித்த எவருக்கும் தெரிந்தவை. விதிப்படி நிற்பது வழாநிலை. விதியிலிருந்து வழுவுவது வழு. வழுவேயாயினும் காரணம் காட்டி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தன் பசுவை ஒருவர் 'என் அம்மை வந்தாள்' என்று சொன்னால் அது திணை வழு; ஆனால் உவப்பினால் சொன்னது என்று காரணம் காட்டி இலக்கணம் அதனை அமைத்துக்கொள்கிறது.

மென்பொருள் உலகில் 'தெரிந்தே விட்டுவைத்த குறை' என்பது வழுவமைதியே. எந்த மென்பொருளும் வழுவே இல்லாமல் வெளிவருவதில்லை. சிலவற்றைத் திருத்தாமல் வெளியிடுவது பல வேளைகளில் நியாயமான முடிவுதான். ஆனால் வழுவமைதிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: இது வழு என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஏன் ஏற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் நிகழ்வது அமைதி அன்று, மறைப்பு. 'நோன் இஷ்யூ' என்ற ஆங்கிலத் தொடரைவிட 'வழுவமைதி' என்ற சொல் தன்னுள் அதிகமான அறத்தைக் கொண்டிருக்கிறது என்பேன். இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பாடம் நடத்தப் பயன்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

'பக்' என்ற சொல்லின் மீதே ஐயம் எழுப்பியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அச்சொல் கணினிக்கு முற்பட்டது. 1878-இலேயே எடிசன் தம் கருவிகளின் கோளாறுகளைக் குறிக்க அதை எழுதியிருக்கிறார். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் அகப்பட்ட அந்துப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தவர்கள், ஏற்கெனவே வழங்கிய சொல்லை வைத்தே வேடிக்கை செய்தார்கள். டைக்ஸ்ட்ரா 1988-இல் எழுதிய கட்டுரையில், 'பூச்சி' என்பது நிரலாளர் பாராத நேரத்தில் எங்கிருந்தோ ஊர்ந்து வந்து நுழைந்ததுபோல் பேச இடமளிக்கிறது. 'எரர்' என்று சொன்னால் பொறுப்பு அதை உண்டாக்கியவரிடம் நேராகப் போய்ச் சேரும் என்று வாதிட்டார். அவர் கண்டித்த சொல்லைவிட மென்மையான ஒன்றை ஒரு நிறுவனம் தேடியது என்பதை எண்ணினால், சொற்களின் சரிவு எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும். சோதனை என்பது வழு இருப்பதைக் காட்டுமேயன்றி, இல்லை என்பதை ஒருபோதும் காட்டாது என்று சொன்னவரும் அவரே. 'எல்லாச் சோதனைகளிலும் தேறியது' என்பது நாம் நடத்திய சோதனைகளைப் பற்றிய செய்தி. அதை மென்பொருளைப் பற்றிய சான்றிதழாக வாசிப்பது தருக்கப் பிழை.

இது பிரிட்டனின் கதை. நமக்கென்ன என்று கேட்போருக்கு இரண்டு செய்திகள்.

ஒன்று, 'வெரிஃபிகேஷன்', 'வேலிடேஷன்' என்னும் இணை. எழுதிவைத்த விவரக்குறிப்பின்படி மென்பொருள் அமைந்திருக்கிறதா என்று பார்ப்பது முதலாவது. உண்மையான பயனாளியின் உண்மையான தேவைக்கு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது இரண்டாவது. 'பொருளைச் சரியாகக் கட்டுகிறோமா, சரியான பொருளைத்தான் கட்டுகிறோமா' என்று பாரி போயம் இவ்வேறுபாட்டைச் சுருக்கித் தந்தார். முதலாவதில் முழுமையாகத் தேறி, இரண்டாவதில் முற்றாகத் தோற்க முடியும்.

நியாயவிலைக் கடையின் கைரேகைக் கருவியை எண்ணிப் பாருங்கள். பதிவிலுள்ள ரேகையோடு பொருந்தாத ரேகையை அது மறுக்கிறது. விவரக்குறிப்பின்படி அதன் நடத்தை சரியே. ஆனால் உழைத்துத் தேய்ந்த விரல்களோடு வரும் மூதாட்டிக்கு அரிசி கிடைக்கவில்லை. உரியவருக்கு உணவு சேர்வதே நோக்கம் என்றால், அமைப்பு தோற்றுவிட்டது. 2016-17-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, உயிரியளவு அடையாளச் சரிபார்ப்பு தோல்வியடையும் விகிதம் ஜார்க்கண்டில் 49 விழுக்காடு, ராஜஸ்தானில் 37 விழுக்காடு என்ற மதிப்பீடுகளை எடுத்துக்காட்டியது. கருவியின் திரையோ 'சரிபார்ப்பு தோல்வி' என்று மட்டுமே சொல்லும். தோற்றது யார்? வரிசையில் நின்றவர் தம் விரல்தான் தோற்றது என்று எண்ணித் திரும்புகிறார். ஒரு பிறழ்வு, மனிதரின் குறையாகப் பெயர் மாறிவிடுகிறது. டல்மெல்லிங்டனில் நடந்ததும் இதுவே.

இரண்டு, சான்றுச் சட்டம். இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, கணினி ஆவணத்தைச் சான்றாகத் தருவோர் அக்கணினி முறையாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றது. அது தேவையற்ற சுமை எனக் கருதப்பட்டு 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின், மறுப்புச் சான்று இல்லாதவரை கணினி சரியாகவே இயங்கியதாகக் கொள்ளும் அனுமானமே நின்றது. ஹொரைசன் கிளைகளுக்கு வந்த அதே காலம் அது. வழுவை மெய்ப்பிக்கும் சுமை, நிரலைப் பார்க்கவே முடியாதவர் மீது விழுந்தது.

நம் நாட்டில் நிலை வேறு. பழைய சான்றுச் சட்டத்தின் 65பி பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவும் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கோருகின்றன. உரிய காலத்தில் கணினி முறையாக இயங்கியது, அல்லது இயங்காத நேரம் ஆவணத்தின் துல்லியத்தைப் பாதிக்கவில்லை என்பது நிபந்தனைகளுள் ஒன்று. புதிய சட்டத்தின் படிவத்தில் வல்லுநர் ஒப்பமிடும் பகுதியும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'முறையாக இயங்கியது' என்ற தொடருக்கு ஒப்பமிடுபவர் என்ன பொருள் கொள்கிறார்? மின்சாரம் இருந்தது, திரை ஒளிர்ந்தது என்பதா? அல்லது இக்கணக்கைப் பாதிக்கக்கூடிய அறியப்பட்ட வழுக்களின் பதிவேட்டைப் பார்த்தேன் என்பதா? ஹாஷ் மதிப்பு, கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும். கோப்பில் முதலில் எழுதப்பட்டதே பொய்யான தொகையாக இருந்தால் அந்தப் பொய்யையும் அது பிசகாமல் காக்கும். பிறழ்வு வெளிப்படாத வழு உண்டு என்று அறிந்தவருக்கே இந்த வேறுபாடு புலப்படும். அந்த ஒப்பத்தை நாளை இடப்போகிறவர் இன்று நம் வகுப்பில் அந்த இரண்டு மதிப்பெண் வினாவை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்.

இக்கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகளையும் எதிர்கொள்ள வேண்டும். தொழிலில் எல்லாரும் 'பக்' என்றே சொல்கிறார்கள், வேலை நடக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஒரே நிரலைப் பார்க்கும் பத்துப் பேர் ஓர் அறைக்குள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும் கேடில்லை. சுட்டிக்காட்டப் பொருள் கண்முன் இருக்கிறது. சொல் அந்த அறையை விட்டு ஒப்பந்தத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கடைவாசலுக்கும் போகும்போதுதான் சிக்கல். ஒப்பந்தத்தில் 'டிஃபெக்ட்' என்றால் செய்தவர் செலவில் திருத்த வேண்டும். 'சேஞ்ச் ரிக்வெஸ்ட்' என்றால் கேட்டவர் பணம் கட்ட வேண்டும். ஒரே குறைக்கு இடப்படும் பெயரே விலையைத் தீர்மானிக்கிறது என்பதைத் தொழிலில் இருப்போர் நன்கறிவார்கள். சொல்லாராய்ச்சி வீண் என்று சொல்வோரும் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் வாதாடுவார்கள்.

வேலை ஆங்கிலத்தில்தானே, தமிழ்ச்சொல் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. ஆங்கிலச் சொற்களை அகற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாணவர் ஒரு கருத்தை உண்மையில் பிரித்தறிகிறாரா என்பதை, அதைத் தம் மொழியில் சொல்லச் சொல்லும்போதே அறிய முடிகிறது. மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் 'பிழை' என்று எழுதுபவருக்கு மூன்றும் ஒன்றாகவே புரிந்திருக்கின்றன. தவறு, வழு, பிறழ்வு என்று பிரித்து எழுதுபவருக்கு, யாரிடம், எங்கே, எப்போது என்பதும் சேர்ந்தே தெரிந்திருக்கும்.

செய்யத்தக்கவையாக மூன்றை முன்வைக்கிறேன். முதலாவதாக, வரையறை கேட்கும் வினாக்களை விடுத்து நிகழ்வைத் தந்து கேட்கலாம். டல்மெல்லிங்டன் நிகழ்வை அரைப்பக்கத்தில் கொடுத்து, இதில் தவறு எது, வழு எது, பிறழ்வு எது, இவற்றுள் எதனைப் பயனாளியால் பார்க்க முடியும் என்று கேட்டால் மனப்பாடம் உதவாது. இரண்டாவதாக, ஆய்வேடுகளில் 'அமைப்பு வேலிடேட் செய்யப்பட்டது' என்று எழுதும்போது, எதற்கு எதிராக, யாருடைய தேவைக்கு என்பதை அடுத்த வரியிலேயே எழுதும் ஒழுங்கை நெறியாளர்கள் வற்புறுத்தலாம். எந்திரக் கற்றலில் 'வேலிடேஷன்' தரவு என்று நாம் வழங்குவது, பிரித்துவைத்த தரவில் மாதிரியை மதிப்பிடுவது மட்டுமே. களத்தில் பொருந்துமா என்பதற்கு அது விடையன்று. ஒரே சொல் இரண்டு துறைகளில் இரண்டு பொருள் தருவதால் ஆய்வேடுகளில் மிகைக்கூற்றுகள் பெருகுகின்றன. மூன்றாவதாக, சட்டக் கல்லூரிகளும் கணினியியல் துறைகளும் இணைந்து, 63-ஆம் பிரிவுச் சான்றிதழை ஒரு சோதனையாளர் எப்படி வாசிப்பார் என்பதற்குப் பயிலரங்குகள் நடத்தலாம். சான்றிதழோடு அறியப்பட்ட வழுக்களின் பட்டியலையும் கேட்கும் பழக்கம் வழக்கறிஞர்களிடம் வளர்ந்தால் அதுவே பெரும் பாதுகாப்பு.

தர உறுதி என்பது தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் ஒரு தனிக்குழு செய்யும் வேலை என்ற எண்ணம் நம் மாணவர்களிடம் ஆழப் பதிந்திருக்கிறது. சோதனைப் பணியை நிரலாக்கத்துக்கு ஒருபடி கீழாகக் கருதும் மனநிலையும் உண்டு. ஆனால் ஹொரைசன் விவகாரத்தில் நிரலைப் புதிதாக எழுதக்கூடியவர்களுக்குப் பஞ்சமில்லை. "இது பயனாளியின் பிழை அன்று, நம்முடைய வழு, இன்னின்ன கிளைகளைப் பாதித்திருக்கிறது" என்று உரிய இடத்தில், உரிய நேரத்தில், உரிய சொல்லால் சொல்லக்கூடியவர்களுக்குத்தான் பஞ்சம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிழையின்றிச் சொல்லப் பயிற்றுவிப்பதே சோதனைப் பாடத்தின் தலையாய நோக்கமாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

உங்கள் துறையில், உங்கள் பாடத்திட்டத்தில் இச்சொற்கள் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பதைக் கீழே பகிருங்கள். 'ஃபெயிலியர்' என்பதற்குப் பிறழ்வைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.